பச்சைத் தண்ணீரில் ஒரு வெள்ளைத் தட்டு

அத்தியாயம் பதினொன்று

ஏழு வாரம் என்று சொன்னபோது அது பெரிய கெடுவாகத்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போய்விட்டது. இன்று ஜூன் இருபத்து மூன்று, யோவான் திருநாளுக்கு முந்தின நாள். மாலை ஐந்து மணிக்குக் குளத்தில் தட்டு இறங்கும்.

நடுவில் ஊருக்குப் போய், ஒன்றிரண்டு இதழ் கைக்கு வராமல் போனவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

செக் நாட்டில் தெல்ச் ஊர்க் கோடியில் இருக்கும் அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். இடது வாசலில் ஹெட்விகாவும் அவள் கணவன் ராதொவானும். வலது வாசலில் ராதொவானின் அக்கா திராஹா, தனிக்கட்டை. கொல்லைத் தோட்டம் மட்டும் பொது. அதன் மேட்டில் திராஹாவின் ரோஜாச் செடிகள், முப்பத்திரண்டு. பள்ளத்தில் ஹெட்விகாவின் குளம்.

ஐந்து வருடம் தெளிந்து கிடந்த குளம் இந்த ஏப்ரலில் பச்சையாகிவிட்டது. மேட்டில் ரோஜாவுக்குப் போடும் உரம் மழையில் கரைந்து பள்ளத்துக்கு வருகிறது, பாசிக்குத் தீனி அதுதான் என்று ஹெட்விகா முடிவு கட்டினாள். முடிவு கட்டியதோடு நின்றிருக்கலாம். தீயணைப்புத் தொண்டர்களின் வசந்த விழாவில், பியர் மேஜைகளுக்கு நடுவில் நின்று, "தன் ரோஜா கொழுக்கணும்னு என் குளத்துக்கு விஷம் வைக்கிறாங்க" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள்.

திராஹா கத்தவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் முந்நூறு பிள்ளைகளை மேய்த்தவளுக்குக் கத்தத் தெரியாதா என்ன? அன்றைக்குக் கத்தவில்லை. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இன்னையிலேருந்து ஏழு வாரம் என் செடிக்கு ஒரு பிடி உரம் கிடையாது. யோவான் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் குளத்துல ஒரு வெள்ளைத் தட்டை இறக்குவேன். அடியில போய் உக்காந்த தட்டு மேலேருந்து தெரிஞ்சா, முப்பத்திரண்டு செடியையும் நானே பிடுங்கிப் போடுறேன். தெரியலைன்னா குளத்தை மூடிடணும். அந்த மண்ணுலயும் நான் ரோஜாதான் வைப்பேன்."

"சரி" என்றாள் ஹெட்விகா. அறுபது பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்வது?

அன்றோடு இரண்டு வாசலுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பொக்லைன்காரனுக்குத் திங்கட்கிழமை வரும்படி சொல்லி வைத்தாகிவிட்டது.

*

காலை ஏழு மணிக்கு ஹெட்விகா ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தபோது, ராதொவான் காபிக் கோப்பையோடு அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்தான். மார்ச்சிலிருந்து தினமும் காலையில் குளத்தருகே சற்று நேரம் நிற்பது அவன் வழக்கமாகியிருந்தது. இன்று அவளைக் கண்டதும், வந்த வேலையை விட்டுவிட்டுப் போகிறவன் போல அவசரமாக உள்ளே போனான்.

"தெளிஞ்சிடும்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னான். தண்ணீரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

தெளியவில்லை. ஹெட்விகா கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முழங்கை மறைவதற்கு முன்பே விரல்கள் காணாமல் போயின.

இந்த ஏழு வாரத்தில் அவள் செய்யாதது இல்லை. ஆணியடித்த குச்சியால் நூல்பாசியை நூடுல்ஸ் போலச் சுற்றிச் சுற்றி வாளி வாளியாக வெளியே எடுத்தாள். பார்லி வைக்கோலைப் பழைய காலுறைக்குள் திணித்து, கல் கட்டி மிதக்கவிட்டாள். அல்லி இலைகள் விரிந்து பாதித் தண்ணீருக்கு நிழல் தந்தன. பழுத்த இலை ஒன்று விழுவதற்குள் கத்தரித்துவிடுவாள். வசம்பும் ஐரிஸும் கூடைகளில் சரளைக்கல் போட்டு, கரையோரப் படியில் வரிசையாக வைத்திருந்தாள். தண்ணீரில் இருக்கிற சத்தையெல்லாம் அந்த வேர்கள் உறிஞ்சிக்கொண்டால் பாசி தானே பட்டினி கிடந்து சாகும். கணக்கு சரிதான். ஆனால் பாசி சாகிற வழியாக இல்லை.

போதாததற்கு யாரோ கூடைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஏதோ ஒரு கூடை கவிழ்ந்து, வேர் பிய்ந்து, செடி மல்லாந்து கிடக்கும். நாரை என்று நினைத்தாள். நீர்நாய் என்று நினைத்தாள். மனசு மிகவும் கெட்டுப்போயிருந்த ஒரு நாள், திராஹாவோ என்றுகூட நினைத்தாள்.

இன்றும் ஒரு வசம்புக் கூடை கவிழ்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. ஒரு செடிக்காக ஐம்பத்தெட்டு வயதில் அழுவதா என்று கேட்கலாம். அந்த வீட்டில் இருப்பதெல்லாம் புகுந்த வீட்டுப் பொருள். சுவர் மாமனார் கட்டியது. ஆப்பிள் மரம் மாமியார் வைத்தது. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் நின்று ஓய்வு பெற்ற மறுவாரமே மண்வெட்டி எடுத்து ஹெட்விகா வெட்டியது இந்தக் குளம் ஒன்றுதான். இதுவும் போனால் இங்கே அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுடைய பல் துலக்கும் பிரஷ் மிஞ்சும்.

கூடையை நிமிர்த்தலாம் என்று தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு வந்துவிட்டது. குனிந்து கூடையைப் பிடித்தாள்.

தொடையில் எதுவோ இடித்தது.

சின்ன இடி இல்லை. கனமான ஒன்று, உரசிக்கொண்டு போனது. ஹெட்விகா அசையாமல் நின்றாள். அடியிலிருந்து சேறு புகை போல எழும்பியது. இரண்டு கெஜம் தள்ளி வரிசையாகக் குமிழ்கள் வந்தன. அழுகிய இலை விடும் காற்று என்று மாதக்கணக்கில் அவள் நம்பிக்கொண்டிருந்த அதே குமிழ்கள்.

இலை வாரும் வலையை எடுத்து, குமிழ் வந்த இடத்துக்கு அடியில் கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கினாள்.

கெண்டை மீன். மூன்று கிலோவுக்குக் குறையாது. உடம்பெல்லாம் வழுவழுவென்று, முதுகோரம் மட்டும் நாலைந்து பெரிய செதில்கள். மேல் துடுப்பில் கத்தரித்தது போல ஒரு வெட்டு. அது ஒரு துள்ளலில் வலையை விட்டு விழுந்து பச்சைக்குள் மறைந்தது.

ஆனால் அந்த வெட்டு போதும். டிசம்பரில் மூன்று நாள், பல் துலக்கும்போதெல்லாம் அந்தத் துடுப்பைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று உயிரோடு வாங்கி வந்து விட்டிருந்த குளியல் தொட்டியில்.

*

"ராதொவான், கிறிஸ்துமஸுக்கு நாம என்ன சாப்பிட்டோம்?"

ராதொவான் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. "மீன்."

"எந்த மீன்?"

இப்போது செய்தித்தாள் தாழ்ந்தது. ஹெட்விகா ரப்பர் கால்சட்டையோடு சமையலறை நடுவில் நின்றாள். தரையெல்லாம் பச்சைத் தண்ணீர். சாதாரண நாளாக இருந்தால் அவளே அவளைத் திட்டியிருப்பாள்.

"கடையில வாங்கின துண்டு மீன்" என்றான் மெதுவாக.

"அப்போ தட்டுக்கு அடியில வச்சியே செதில்? வருஷம் பூரா அதிர்ஷ்டம்னு உங்க அக்கா பர்சுல வச்சிட்டு அலையுறாங்களே, அது?"

"சந்தையில மீன்காரர் தொட்டிக்குப் பக்கத்துல கெடந்துச்சு. பொறுக்கிட்டு வந்தேன்."

"அந்த மீனை வாளியில போட்டு ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போனியே. கையில சுத்தியல் இருந்துச்சே."

"ஓங்கினேன், ஹெட்விகா. சத்தியமா ஓங்கினேன். அது என்னைப் பார்த்துச்சு."

"மீன் எல்லாரையும்தான் பார்க்கும். அதுக்கு இமையே கிடையாது."

அவள் நாற்காலியை இழுத்து, ஈரத்தோடேயே உட்கார்ந்தாள்.

"எப்படி உள்ள விட்டே? குளம் மேல பனிக்கட்டி இருந்துச்சே."

"காத்து போறதுக்குன்னு நீ ஒரு இடத்துல வைக்கோல் சொருகி வச்சிருந்தே இல்ல? அந்த ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கினேன். வசந்தம் வந்ததும் ஏரியில கொண்டுபோய் விடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம்..."

"அப்புறம்?"

"பழகிடுச்சு."

ஹெட்விகாவுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. கெண்டை மூக்கால் சேற்றைக் கிளறித் தின்னும். வேரைப் பிடுங்கும். கூடையைக் கவிழ்க்கும். அடியில் படிந்து கிடக்கிற சத்தையெல்லாம் கலக்கி மேலே கொண்டு வந்து பாசிக்குப் பந்தி வைக்கும். வைக்கோலும் அல்லியும் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

"அதுக்குத் தீனி வேற போடுறியா?"

"ரெண்டே ரெண்டு ரோலிக் ரொட்டி."

"வாரத்துக்கா?"

"காலையில."

அவள் சிரித்திருப்பாள், வேறொருத்தி வீட்டுக் கதையாக இருந்தால். இவள் வீட்டுக் கதை. மார்ச்சிலிருந்து தினமும் காலையில் ஜன்னல் வழியாக அவன் குளத்தருகே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக, தான் செய்த ஒன்றைக் கணவன் ஆசையாக நின்று பார்க்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று திரைக்குப் பின்னால் நின்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். மீன் இருந்ததைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

"அக்காகிட்ட சொல்லிடாதே" என்றான் ராதொவான்.

"என்னது?"

"செடியெல்லாம் மஞ்சளாயிடுச்சு. ஒரு செடி செத்தே போச்சு. ஏழு வாரமா தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலைன்னு அவளுக்குத் தெரிஞ்சா ஜென்மத்துக்கும் என்னோட பேச மாட்டா. குளம் போனா போகட்டும். அடுத்த வருஷம் வேலியோரமா நானே உனக்கு வேற ஒண்ணு வெட்டித் தரேன்."

"மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா உனக்கு?"

அவன் செய்தித்தாளை மடித்தான். பிரித்தான். திரும்ப மடித்தான்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ஹெட்விகா கடைசியில். அவன் முகத்தில் நிம்மதி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னாள். "நீதான் சொல்லணும். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

*

மதியச் சாப்பாட்டுக்குச் சதகுப்பைக் குழம்பும் அவித்த உருளைக்கிழங்கும். ராதொவான் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டான். மனக்கஷ்டம் அவன் வயிற்றை ஒருபோதும் பாதித்ததில்லை.

துணி உலர்த்தப் போன இடத்தில் ஹெட்விகா மேட்டை நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வாரமாக அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. வழக்கமாக ஜூன் மாதத்தில் வேலிக்கு அப்பால் போகிறவர்கள் நின்று பார்க்கிற செடிகள். மூலையில் ஒன்று கருகிக் குச்சியாக நின்றது. அதைக் கொன்றது உரமில்லாமை என்று சொல்லலாம். அவள் நாக்கு என்றும் சொல்லலாம். ஹெட்விகாவுக்கு வெட்கமாக இருந்தது.

திராஹா தன் வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைக் கயிற்றில் சாண் அளவுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடச் சமையலறைக் காலத்துப் பீங்கான் தட்டு.

"அக்கா" என்றாள் ஹெட்விகா. ஏழு வாரத்தில் முதல் தடவை.

திராஹாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு முடிச்சை இறுக்கின.

"எதுவா இருந்தாலும் அஞ்சு மணிக்குப் பேசிக்கலாம்" என்றாள்.

*

ஐந்து அடிக்கும்போது மூவரும் குளத்தங்கரையில் இருந்தார்கள். ராதொவான் பெஞ்சில். ஹெட்விகா நின்றுகொண்டு. திராஹா பலகை மேல் மண்டியிட்டு, தட்டைக் கட்டிய கயிற்றை நிதானமாக விட்டாள். தண்ணீரைக் கலக்கிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பது போல, மெல்ல, மிக மெல்ல விட்டாள்.

முதல் முடிச்சு தண்ணீருக்குள் போனபோது தட்டு வெளிறிய நிலா மாதிரி தெரிந்தது. இரண்டாவது முடிச்சில் வெறும் பச்சை நிழல். மூன்றாவதில் ஒன்றுமில்லை. கயிறு இன்னும் இரண்டு முடிச்சு இறங்கி, அடியில் தட்டு உட்கார்ந்ததும் தொய்ந்தது.

"பார்த்துக்கோ" என்றாள் திராஹா. "எனக்குக் கண்ணு மங்கல்னு சொல்லுவே."

ஹெட்விகா தண்ணீரைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். கணவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"தெரியல, அக்கா. நான் தோத்துட்டேன்."

திராஹா கயிற்றை மேலே இழுக்கத் தொடங்கினாள். முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஹெட்விகா. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "காரணம் உங்க ரோஜா கிடையாது. நான் அன்னைக்குச் சொன்னது அத்தனையும் தப்பு. சனிக்கிழமை தீ மூட்டுற விழாவுக்கு எல்லாரும் வருவாங்க இல்ல, அங்கேயே அறுபது பேர் முன்னாடியும் தப்புன்னு சொல்லிடறேன்."

"ரோஜா இல்லைன்னா வேற என்ன?"

ஹெட்விகா வாயை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டும் மெஷினை நிறுத்தினார்கள்.

ராதொவான் எழுந்தான். கரைக்கு வந்தான். உண்மையைச் சொல்லத்தான் வந்தானா, சும்மா தட்டைப் பார்க்க வந்தானா என்று இன்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அவன் காலடி அதிர்வு பட்டதும் அல்லி இலைகள் விலகின. குமிழ்கள் வந்தன. அவன் நின்ற இடத்துக்கு நேர் கீழே ஒரு பெரிய வட்டமான வாய் தண்ணீருக்கு மேலே வந்து, திறந்து மூடி, திறந்து மூடி, காத்திருந்தது.

திராஹா அந்த மேல் துடுப்பைப் பார்த்தாள். சந்தையில் மீன்காரரின் தொட்டிக்குள் விரலை நீட்டி, "அதோ அது" என்று தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

"காலையிலேருந்து அதுக்கு ஒண்ணும் போடல" என்றான் ராதொவான்.

ஏழு வாரம் மூடியிருந்த வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அது.

திராஹா தட்டைப் புல்லின் மேல் வைத்தாள். வீசி உடைக்கவில்லை. "என் செடி செத்துக்கிட்டு இருந்ததை உன் ஜன்னலிலேருந்து தினம் பார்த்தே."

"பார்த்தேன், அக்கா."

"நாங்க ரெண்டு பேரும் வாசல்ல எதிரும் புதிருமா மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனதையும் பார்த்தே."

"பார்த்தேன்."

திராஹா ஹெட்விகா பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னைக்குக் காலையில."

"அப்பவே சொல்லியிருந்தா இந்தத் தட்டே இறங்கியிருக்காதே. குளம் உனக்குத் தப்பியிருக்கும். ஏன் சொல்லல?"

"இவன் சொல்லுவான்னு காத்திருந்தேன்."

திராஹா அவளையே பார்த்தாள். பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"அப்பாவோட ரேடியோவை உடைச்சது இவன்" என்றாள். "இவனுக்கு ஏழு வயசு. எனக்குப் பத்து. அடி வாங்கினது நான். அக்காதான் உடைச்சான்னு இவன் சொல்லல, அதையும் சொல்லணும். ஒண்ணுமே சொல்லல. கதவோரமா நின்னு பார்த்துட்டே இருந்தான். நீ காலையிலேருந்து காத்திருக்கே. நான் அம்பத்து மூணு வருஷமா காத்திருக்கேன்."

ஹெட்விகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இருந்த ஏழு வாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. துக்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினது போலவும் இருந்தது.

"குளத்தை மூடத்தான் வேணுமா, அக்கா?"

"தட்டு தெரியல. அறுபது பேர் கேட்டுச் சொன்ன வார்த்தை." திராஹா சற்று யோசித்தாள். யோசித்தது குளத்தை அல்ல, தம்பியை. "சனிக்கிழமை நீ எதுவும் பேச வேண்டாம், ஹெட்விகா. உன் வாய் போதுமான அளவுக்குப் பேசிடுச்சு. அவன் பேசட்டும். மேடையில ஏறி, மீனு, ரொட்டி, செதில் எல்லாத்தையும் அவன் வாயாலேயே சொல்லட்டும். சொன்னான்னா பொக்லைன் வேண்டாம்னு நானே போன் பண்றேன். சொல்லலைன்னா திங்கட்கிழமை மண்ணு விழும். அதுல எனக்கு மாத்தம் இல்ல."

ராதொவானின் முகம் வெளுத்தது. தன் கல்யாண விருந்திலேயே எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்குக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன் அவன். அன்று வெளியே நின்று கெஞ்சியவள் ஹெட்விகா. ஐந்து வருட உழைப்பும் இப்போது அந்த மனிதனின் நாக்கில் தொங்குகிறது. பாசியோடு போராடியிருக்கலாம். வேரைத் திரும்ப நட்டிருக்கலாம். இதற்கு அவளிடம் எந்த வைக்கோலும் இல்லை.

அவன் தொண்டையைக் கனைத்தான். இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

"மைக் இல்லாம பேசலாமா?"

"மைக்கோடதான்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.